யானைக் காவலுக்குத் தேர்மல் பைனோகுலர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் பரண் காவல் பற்றி எழுதும்போது, இருட்டில் உடம்புச் சூட்டைப் பார்த்துக் காட்டுகிற பைனோகுலரைப் பற்றி நாலு வரி சேர்த்திருந்தேன். லேசரால் தூரமும் அளந்து சொல்லும் வகை அது. அந்த நாலு வரிக்குத்தான் இந்த முறை கடிதம் அதிகம். பெரும்போக வெள்ளாமை கதிர் முற்றுகிற நேரம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரவில் யாரும் கண்ணை மூடித் தூங்குவதில்லை, ஆகவே இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: கத்தாரில் இருக்கும் அண்ணன் வரும்போது இந்த பைனோகுலர் ஒன்று கொண்டு வருவதாகச் சொல்கிறார். பெட்டியில் 1800 மீற்றர் வரை தெரியும் என்று போட்டிருக்கிறது. எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) இருந்து காட்டு ஓரம் ஒன்றரைக் கிலோமீற்றர்தான். அப்படியென்றால் யானை காட்டை விட்டு இறங்கும்போதே பிடித்துவிடலாமா ஐயா?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: தம்பி, 'தெரியும்' என்ற சொல்லை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டியில் போட்டிருப்பது 'அங்கே ஏதோ சூடாக ஒன்று நிற்கிறது' என்று கண்டுபிடிக்கிற தூரம். அது என்ன என்று சொல்கிற தூரம் வேறு, அது மிகவும் குறைவு. 1958 இல் ஜோன்சன் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார், இன்றைக்கும் கம்பனிக்காரர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் திரையில் இரண்டு புள்ளி அளவு இருந்தால் 'ஏதோ இருக்கிறது' என்று பாதிக்குப் பாதி வாய்ப்பில் சொல்லலாம். மனிதனா மாடா என்று பிரிக்க எட்டுப் புள்ளி அளவு வேண்டும். இன்னும் நுணுக்கமாகச் சொல்ல பதின்மூன்று வேண்டும்.

இப்போது உங்கள் கருவிக்கு வருவோம். கடிதத்தில் எழுதியிருக்கிறபடி 35 மில்லிமீற்றர் லென்ஸ், 12 மைக்ரோன் சென்சர், அதாவது சூட்டை உணர்கிற தகட்டில் ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 12 பங்கு. இதில் ஒரு புள்ளி 1000 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 34 சென்ரிமீற்றரை மூடும். இரண்டரை மீற்றர் உயரமுள்ள யானை அங்கே நின்றால் திரையில் ஏழு புள்ளி உயரம்தான். 1800 மீற்றரில் நாலே நாலு புள்ளி. நாலு புள்ளியைப் பார்த்து யானை என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது.

இதைவிடப் பெரிய சங்கடம் எருமை. நம் பக்கம் பட்டி எருமை இல்லாத வெளி ஏது? எருமை ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரம். அது 600 மீற்றரில் நின்றால் திரையில் அதே ஏழு புள்ளி. அதாவது 600 மீற்றரில் நிற்கிற எருமையும் 1000 மீற்றரில் நிற்கிற யானையும் திரையில் ஒரே உயரத்தில் வெள்ளையாக நிற்கும். வெட்ட வெளியில் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ வீடோ பெரும்பாலும் இருக்காது, எல்லாம் ஒரே சாம்பல். பெரிதா சிறிதா என்று கண்ணுக்குச் சொல்ல வழியே இல்லை. நான் இதில் பட்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் உன்னிச்சைப் பக்கம் ஒரு காவலில், தூரம் அளக்கிற வசதி இல்லாத கருவியை வைத்துக்கொண்டு 'தனியன் வாறான்' (தனி யானை வருகிறது) என்று நான்தான் முதலில் சத்தம் போட்டேன், பக்கத்துப் பரண்காரர்களும் சேர்ந்து யானை வெடி போட்டார்கள், அது கட்டறுத்து வந்த எருமைகள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு குடலைப் பருவத்தில் நின்ற வெள்ளாமைக்குள் விழுந்து ஓடின. விடியப் பார்த்தால் ஒரு ஏக்கருக்கு மேல் மிதிபட்டுக் கிடந்தது. அந்த வயற்காரரின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால்தான் தூரம் அளக்கும் வசதியுள்ளதை வாங்கச் சொல்கிறேன். சூடு ஏதோ நிற்கிறது என்று மட்டும் சொல்லும், அது எவ்வளவு பெரியது என்பதைத் தூரம் தெரிந்தால்தான் சொல்ல முடியும். 600 என்று வந்து உருவம் பன்னிரண்டு புள்ளி உயரம் நின்றால் அது எருமை இல்லை. திரையில் புள்ளி எண்ண முடியாதே என்று கேட்பீர்கள். எண்ண வேண்டாம். பகலில் உங்கள் எருமையையோ மாட்டையோ 200, 400, 600 மீற்றரில் நிறுத்தி, திரை நடுவில் இருக்கிற குறியோடு ஒப்பிட்டு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பழகினால் கண் பிடித்துவிடும். இன்னொன்று, பொத்தானை அழுத்திப் பெரிதாக்குவதால் புதிதாக எதுவும் தெரியாது, இருக்கிற ஏழு புள்ளியைத்தான் இழுத்து அகலமாக்கிக் காட்டும்.

எனவே 1800 ஐ மறந்துவிடுங்கள். காட்டு ஓரத்தில் 'ஏதோ அசைகிறது' என்ற எச்சரிக்கை கிடைக்கும், அதுவே பெரிய உதவி. யானைதான் என்று 600 மீற்றருக்குள் வந்தபின் சொல்லுங்கள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் விவசாய அமைப்பில் சேர்ந்து ஒன்று வாங்கினோம். யானை தெளிவாகத் தெரிகிறது, ஆனால் தூரம் ஒருமுறை 38 என்றும் மறுமுறை 410 என்றும் காட்டுகிறது. மழையில் இன்னும் மோசம். கருவி பழுதா? அந்த லேசர் பட்டு யானைக்கோ எங்களுக்கோ கண் கெடுமா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: வஅலைக்கும் ஸலாம் காக்கா. கருவி பழுதாக இருக்காது, அது சரியாகத்தான் அளக்கிறது, எதை அளக்கிறது என்பதில்தான் பிழை. உள்ளே இரண்டு தனித்தனிக் கண் இருக்கிறது. ஒன்று சூட்டைப் பார்க்கும். மற்றது ஒரு லேசர்த் துடிப்பை அனுப்பி, பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணும். 500 மீற்றர் போய்த் திரும்ப ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். இந்த லேசருக்குச் சூடு குளிர் தெரியாது. முன்னால் எது குறுக்கே நிற்கிறதோ அதில் பட்டுத் திரும்பிவிடும். உங்கள் 38 மீற்றரில் வரம்பில் வளர்ந்த புல்லோ நாணலோ நிற்கிறது, போய்ப் பாருங்கள். அந்தப் புல் குளிர்ந்து போயிருப்பதால் திரையில் கண்ணுக்குப் படாமல் இருந்திருக்கும். மழைத் துளியும் பனிமூட்டமும் இதே வேலையைச் செய்யும்.

செய்ய வேண்டியது இதுதான். பரண் கம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, மூச்சைப் பிடித்து, யானையின் விலாவில் குறியை வைத்து மூன்று முறை அளவுங்கள். மூன்றில் இரண்டு ஒத்து வந்தால் அதை எடுங்கள். சில கருவிகளில் 'முதலில் படுவது', 'கடைசியில் படுவது' என்று தேர்வு இருக்கும், புல்லுக்குப் பின்னால் நிற்பதை அளக்க இரண்டாவதைப் போடுங்கள். சேறு பூசிய யானைத் தோல் லேசரை அவ்வளவாகத் திருப்பி அனுப்பாது, ஆகவே 1000 மீற்றர் அளக்கும் என்று எழுதியிருந்தால் வயலில் பாதியை நம்புங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, லேசர் வேலை செய்யாத மழை இரவுக்கும் உதவும். நல்ல வெளிச்சத்தில் பரணில் ஏறி, கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு அடையாளத்துக்கும் தூரம் அளந்து ஒரு மட்டையில் எழுதுங்கள்: வாய்க்கால் கட்டு 180, ஒற்றை மருதமரம் 340, அடுத்த கண்டத்து வாடி 425, காட்டு ஓரம் இவ்வளவு. அந்த மட்டையைப் பரணிலேயே கட்டி வையுங்கள். இரவில் யானை மருதமரத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது என்றால் 340 க்குள் வந்துவிட்டது என்று அளக்காமலே தெரியும். மரமும் கல்லும் பகல் சூட்டை வைத்திருக்கும், முன்னிரவில் அவை திரையில் நன்றாகத் தெரியும்.

கண் விஷயம். இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலும் 905 நனோமீற்றர் லேசர், அது நம் கண்ணுக்குத் தெரியாது. முதலாம் வகுப்பு லேசர் என்று எழுதியிருந்தால் சாதாரணமாகப் பயன்படுத்த ஆபத்தில்லாதது. என்றாலும் விளையாட்டுக்குக்கூட பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், எதிரில் வேறு பைனோகுலரால் உங்களைப் பார்க்கிறவர் மேலும் பிடிக்காதீர்கள். பகலில் கருவியைச் சூரியனுக்கு நேரே திருப்பினால் சென்சர் பழுதாகும், அதையும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் முன்பு யானை என்றால் பரணை விட்டு இறங்கமாட்டார். இந்தக் கண்ணாடி வந்த பிறகு 'எனக்கு எல்லாம் தெரியும், நான் கிட்டப் போய் வெடி போடுகிறேன்' என்று வரம்பால் நடந்து போகிறார். எனக்கு நெஞ்சு பதைக்கிறது. எவ்வளவு தூரம் கிட்டப் போனால் ஆபத்தில்லை என்று நீங்கள் எழுதினால் அவர் கேட்பார்.
– வாசகி, கொக்கட்டிச்சோலைப் பக்கம்

பதில்: தங்கச்சி, வந்த கடிதங்களில் என்னை இருத்தி யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். இந்தப் பதிலை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி, கிட்டப் போக என்று ஒரு தூரத்தை நான் எழுதமாட்டேன். விலகி நிற்க என்றுதான் எழுதுவேன். ஆசிய யானைகள் ஓடுவதைத் தாய்லாந்தில் அளந்து 2003 இல் வெளியிட்டிருக்கிறார்கள், வேகமாக ஓடியவை மணிக்கு 25 கிலோமீற்றர் அளவு. ஒரு செக்கனுக்கு ஏழு மீற்றர். 100 மீற்றரில் நிற்கிற யானை உங்களிடம் வர பதினைந்து செக்கன் போதும். அந்தப் பதினைந்து செக்கனில் நீங்கள் கருவியைக் கழுத்தில் விட்டு, திரும்பி, இருட்டில் வழுக்குகிற வரம்பால் ஓட வேண்டும். சேற்றில் உங்கள் கால் புதையும், யானைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அந்த நேரத்தில் உங்கள் கண் எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? திரை வெளிச்சத்தை இரண்டு கண்ணாலும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கருவியை இறக்கினால் முன்னால் கை நீட்டினாலும் தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டும். நடந்துகொண்டே இதைப் பார்ப்பது அதைவிடப் பெரிய பிழை. 384 புள்ளி அகலமுள்ள சென்சரில், 35 லென்ஸ் என்றால், 100 மீற்றரில் பதின்மூன்று மீற்றர் அகலம்தான் தெரியும். நீங்கள் பார்க்கிற யானைக்கு இருபது மீற்றர் பக்கத்தில் நிற்கிற இன்னொன்று திரையிலேயே இல்லை. பற்றைக்குப் பின்னால் நிற்பதும் தெரியாது. வெப்பம் இலையை ஊடறுத்து வராது, இலைக்கு இடையில் சந்து இருந்தால் அதால் மட்டும் துண்டு துண்டாகத் தெரியும். கன்றோடு வந்த கூட்டம் என்றால் கன்று தாய்மாரின் காலுக்கு நடுவில் மறைந்திருக்கும், நீங்கள் ஒன்று என்று நினைப்பது ஐந்தாக இருக்கலாம். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று நீங்கள் சொல்வது இதனால்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

நான் போகிற காவல்களில் வைத்திருக்கிற ஒழுங்கைச் சொல்கிறேன். 400 மீற்றருக்கு வந்தால் அடுத்த பரண்களுக்குப் போன். 300 க்குள் வந்தால் வெடி, விளக்கு, சத்தம், எல்லாம் பரணில் இருந்தபடியே. 200 க்குள் வந்தால் வெள்ளாமையை மறந்து, நிலத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஏறிவிட வேண்டும் அல்லது உழவு இயந்திரத்தில் வெளியேற வேண்டும். பரணும் நாலு கம்பு நட்டுக் கட்டியது என்றால் யானைக்கு ஒரு தட்டுத்தான், பெரிய மரத்தில் கட்டியதுதான் பரண். காற்று யானைப் பக்கம் வீசினால் இந்த எல்லாத் தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை, மூக்கு மிகக் கூர்மை. காவலுக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவர் பார்க்கட்டும், மற்றவர் கருவியைத் தொடாமல் வெறுங்கண்ணாலும் காதாலும் சுற்றுப்புறத்தைக் கவனிக்கட்டும்.

மூட்டை நெல்லை அடுத்த போகத்தில் எடுக்கலாம் தம்பி. தங்கச்சி கடிதத்தில் இரண்டு பிள்ளைகளின் வயதையும் எழுதியிருக்கிறா.

கேள்வி: இதில் பாம்பு, முதலை தெரியுமா?
– வாசகர், வாகரை

பதில்: நம்பாதீர்கள். இரண்டும் தங்கள் உடம்பில் நம்மைப்போலச் சூடு உண்டாக்குவதில்லை, மண்ணின் சூடும் தண்ணீரின் சூடும்தான் அவற்றின் சூடு, ஆகவே பெரும்பாலும் பின்னணியோடு கலந்துவிடும். வரம்பில் கண்ணாடிப் புடையன் கிடந்தால் பல இலட்சம் ரூபாக் கருவி காட்டாது, காலடிக்குப் பிடித்த டோர்ச் லைட்தான் காட்டும். முழங்கால் வரை சப்பாத்துப் போடுங்கள். ஆற்றுக் கரையில் தேர்மலில் ஒன்றும் தெரியவில்லை என்று இறங்கி முகம் கழுவ வேண்டாம்.

கேள்வி: சிலர் யானைக்கு என்று வீட்டுக் கரண்டை வேலிக் கம்பியில் கொடுத்துவிடுகிறார்கள். இரவில் அந்தக் கம்பி இதில் தெரியுமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: தெரியாது. மெல்லிய கம்பி இரவுக் காற்றின் சூட்டுக்கே வந்துவிடும், கரண்ட் ஓடினாலும் அப்படித்தான், அது ஒரு புள்ளியின் அகலம்கூட வராது. கட்டுத்துவக்குக்கு, அதாவது இடறினால் தானே வெடிக்கிற துவக்குக்கு, கட்டிய நூலும் தெரியாது. தெரியாத காணிக்குள் இரவில் போகாதீர்கள், வெளிச்சம் இல்லாமல் போகவே போகாதீர்கள். வீட்டுக் கரண்டைக் கொடுப்பது சட்டப்படி குற்றம், அதில் யானை மட்டும் சாகவில்லை, விடியற்காலை வரம்பில் தண்ணீர் விடுகிற வக்கடை பார்க்கப் போன மனிதரும் செத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படிக் கம்பி இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் மின்சார அலுவலகத்திலும் சொல்லுங்கள். கோள் சொல்வதாக யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

கேள்வி: மானும் பன்றியும் பார்க்க எது நல்லது? துவக்கில் பூட்டலாமா?
– வாசகர் (ஊர் எழுதவில்லை)

பதில்: காட்டு மிருகங்களைக் காக்க இந்த நாட்டில் 1937 இல் இருந்தே சட்டம் இருக்கிறது. வேட்டைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வரியும் எழுதமாட்டேன்.

கேள்வி: சேர், ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் இதில் வெளியே ஒன்றும் தெரியவில்லை, என் முகம்தான் தெரிகிறது. ஏன்?
– மாணவன், உயர்தரம், கல்முனை

பதில்: மகன், நல்ல கேள்வி. நம் உடம்பில் இருந்து போகிற வெப்பக் கதிரில் இந்தக் கருவி பார்ப்பது 8 முதல் 14 மைக்ரோன் அலைநீளம். சாதாரணக் கண்ணாடி அதற்கு ஒரு சுவர் மாதிரி, உள்ளே விடாது, கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், அதுதான் நீ பார்த்த உன் முகம். அதனால்தான் இந்தக் கருவியின் லென்ஸ் கண்ணாடியில் செய்ததில்லை, ஜெர்மேனியம் என்ற தனிமத்தில் செய்தது. நம் கண்ணுக்கு அது உலோகம்போல் கறுப்பாக மினுங்கும், வெப்பக் கதிருக்கு அது வழி விடும். விலை கூட இருக்க அதுவும் ஒரு காரணம். பஸ்ஸிலோ வானிலோ இருந்து பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? எங்களை ஏமாற்றிவிடுவார்களோ என்று பயம்.
– வாசகர், செங்கலடி

பதில்: பயம் நியாயமானது. எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தேர்மல் என்று சொல்லிக் கொடுத்தது, கண்ணுக்குத் தெரியாத விளக்கைப் போட்டுப் பார்க்கிற சாதாரண இரவுக் கமெரா. இருட்டறைக்குள் போய் உள்ளங்கையைச் சுவரில் பத்து செக்கன் வைத்து எடுங்கள், கருவியால் பாருங்கள். கையின் சூடு சுவரில் தடமாகத் தெரிந்தால்தான் அது தேர்மல். மாணவன் சொன்ன கண்ணாடிச் சோதனையும் சரி.

சென்சர் 640 என்றால் 384 ஐவிட அகலமாக வெளி தெரியும், பரந்த வட்டைக்கு அது நல்லது, காசு பிடிக்கும். லென்ஸும் மைக்ரோனும் ஒன்றே என்றால் தூரத்து உருவத்துக்கு இரண்டிலும் அதே எண்ணிக்கைப் புள்ளிதான், அதைக் கடையில் சொல்லமாட்டார்கள். வெப்ப நுணுக்கம் மில்லிகெல்வினில் (ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கில்) போட்டிருக்கும், சின்ன எண்தான் நல்லது, மாரியில் எல்லாம் நனைந்து ஒரே சூட்டுக்கு வருகிற இரவில் 25 க்கும் 50 க்கும் வித்தியாசம் தெரியும். பற்றரி கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போது 'டிக்' என்று படம் ஒரு கணம் நின்றால் பதற வேண்டாம், கருவி தன்னைத்தானே சரிசெய்கிறது. லென்ஸைச் சாரத்தின் நுனியால் துடைக்காதீர்கள், மேற்பூச்சு போய்விடும்.

வெளிநாட்டில் இருந்து கொண்டு வருவதென்றால் பணம் கட்டுமுன் சுங்கத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கையில் வைத்திருங்கள். முகாம்களுக்குப் பக்கத்தில் இதைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். தனி ஆளாக வாங்குவதைவிட வட்டைக்கு ஒன்று என்று அமைப்பாக வாங்குவதுதான் என் விருப்பம், வாங்கியதும் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் பொலிசுக்கும் சொல்லி வைத்தால் இரவில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

கேள்வி: காவலுக்கு இல்லை, சும்மா பார்க்க ஆசை. சேனநாயக்க சமுத்திரத்தில் யானை நீந்துவதை இதில் பார்க்கலாமா?
– வாசகி, அம்பாறை

பதில்: பார்க்கலாம் அக்கா, ஆனால் நினைக்கிற மாதிரி இருக்காது. தண்ணீருக்குள் இருக்கிற உடம்பின் சூடு வெளியே வராது, தலையும் தூக்கிய தும்பிக்கையும் மட்டும் மிதந்து போகும். அந்தக் குளம் இருக்கிற கல் ஓயா பூங்காவை விட்டு மாலை ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும், ஆகவே பகல் வெளிச்சத்தில் சாதாரண பைனோகுலரே அழகு. தேர்மலை எடுத்துப் போனால் யானை தீவில் ஏறுகிற நேரம் பிடித்துப் பாருங்கள். நனைந்த தோல் குளிர்ந்து கிடப்பதால் முதலில் மங்கலாக, கரைக் கல்லோடு கல்லாக நிற்கும், அப்புறம் தோல் காயக் காய, காதும் முதுகும் துண்டு துண்டாகத் திரையில் வெளுத்து வரும். படகுக்காரரிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், இன்னும் கிட்டப் போகச் சொல்லாதீர்கள்.